ஜாடியில் ஒரு மாதம்

கான்பெரா
28 மார்ச் 2023

ராஸ்,

பத்தொன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். உறையின் மேல் உன் அக்காவின் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாமல் இதுவரை படித்திருந்தாயானால், இன்னும் கொஞ்சம் படி.

என் வாரனுக்கு எலும்பில் புற்றுநோய். முதுகில் தொடங்கி இடுப்புக்கு இறங்கிவிட்டது. குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலிக்கு மார்ஃபின் கொடுக்கிறார்கள். அது வலியைக் கொஞ்சம் மழுங்கடிக்கிறது, கூடவே வயிற்றைப் புரட்டிவிடுகிறது. மூன்று வாரமாகச் சாப்பாடு என்று எதுவும் உள்ளே தங்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த கஞ்சா எண்ணெய்ச் சொட்டையும் விழுங்கிய கையோடு வாந்தி எடுக்கிறார். இவர் விழுங்குவது எதுவும் நிற்காது, உலர்ந்த பூவைச் சூடாக்கி ஆவியாக உள்ளே இழுத்தால் வாந்தி அடங்கும், பசி எடுக்கும் என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொன்னாள். அதற்கான சின்னக் கருவி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம்.

இங்கே ஆளுக்கு இரண்டு செடி வீட்டில் வளர்க்கலாம் என்று சட்டம் வந்து மூன்று வருடமாகிறது. போன அக்டோபரில் நோய் தெரிந்ததுமே பின்கட்டில் இரண்டு நட்டோம். நட்டது வாரன். ஆமாம், நம் போலீஸ்கார வாரன்தான். சிரித்துக்கொள்.

இப்போது செடி இரண்டும் என் தோள் உயரம். எப்போது வெட்டுவது, எப்படிக் காயவைப்பது என்று தெரியவில்லை. அவசரப்பட்டு ஒரு கிளையை வெட்டி ரொட்டி சுடும் அடுப்பில் வைத்து உலர்த்தினேன். வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. அதை அவருக்குக் கொடுத்தேன். தொண்டை எரிந்து இருமினார். இருமிய இருமலில் விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது. நோய் பிடித்த எலும்பு அப்படித்தானாம். என் கையால் செய்தது அது.

இந்த வேலையில் உன்னைவிடத் தெரிந்தவர்கள் எனக்கு யாரும் இல்லை. நீ போன் வைத்துக்கொள்வதில்லை என்று உங்கள் ஊர் போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். அதனால்தான் கடிதம்.

உனக்கு எழுதப்போகிறேன் என்று வாரனிடம் சொன்னேன். "ஸ்டாம்ப் இருக்கா வீட்ல?" என்று கேட்டார்.

நோரீன்


நிம்பினுக்கு மேலே
4 ஏப்ரல்

நோரி,

அடுப்பில்தான் போட்டேன். இங்கே மூன்று வாரமாக மழை, விறகு பற்றவில்லை. எடுத்துத் துடைத்துப் படித்தேன்.

சார்ஜென்ட் கஞ்சா வளர்க்கிறாரா? நாற்று எங்கிருந்து வந்தது என்று விசாரணை நடந்ததா? கடையில் போய்ச் சொன்னால் இந்த ஊர் ஒரு வருடத்துக்குச் சிரிக்கும். சொல்லவில்லை. உனக்காக.

ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன். 2004 மார்ச்சில் நீ இங்கே வந்திருந்தபோது, ஓடைக்கு அந்தப் பக்கம் செடி வைத்திருப்பதை உனக்குக் காட்டினேன். நீ ஊர் திரும்பிப் புருஷனிடம் சொன்னாய். அவன் இங்கத்துப் போலீஸுக்குச் சொன்னான். அப்போது அம்மாவுக்கு டாக்டர் ஒரு மாதம் என்று நாள் குறித்திருந்தார். அது உங்கள் இருவருக்கும் தெரியும். என்னைக் கூட்டிப்போக வண்டி வந்த அன்றே உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? "இங்கத்துப் போலீஸ ஒரு மாசம் பொறுக்கச் சொல்லி அவரக் கேக்கச் சொல்லு நோரி, அம்மா போனதும் நானே வந்து விலங்குக்குக் கையக் குடுக்கறேன்" என்றேன். அவன் பக்கத்தில்தான் இருந்தான். "தெரிஞ்சதுக்கப்புறம் தெரியாத மாதிரி என்னால இருக்க முடியாது" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. அம்மாவைப் புதைத்த அன்று நான் சிறைச் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். மொத்தம் எட்டு மாதம் கழுவினேன்.

சொல்லியாயிற்று. இனி செடி.

பூவை உற்றுப் பார். மேலே பிசின் துளி பொடிப்பொடியாக நிற்கும். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் பொறு. பால் நிறமாக மாறினால் வெட்டு. பனி காய்ந்தபின் வெட்டு, ஈரத்தோடு வெட்டாதே. பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, கிளை கிளையாகத் தலைகீழாகத் தொங்கவிடு. அறை இருட்டாக இருக்க வேண்டும். காற்று நடமாட வேண்டும், ஆனால் விசிறி நேராகப் பூவின் மேல் அடிக்கக் கூடாது. இரண்டு வாரம். தொங்கவிட்டதும் எழுது, மீதியைச் சொல்கிறேன்.

இனிமேல் அடுப்பில் வைத்தாய் என்று கேள்விப்பட்டால் அங்கேயே வந்து உதைப்பேன்.

இதெல்லாம் அவனுக்காக இல்லை. செடி வீணாகக் கூடாது என்பதற்காக.

ராஸ்


கான்பெரா
11 ஏப்ரல்

ராஸ்,

நீ எழுதியதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. நான் அவரிடம் சொன்னது படுக்கையில், பேச்சுவாக்கில். அவர் எழுந்துபோய்ப் போனை எடுத்தபோது நான் விழித்துத்தான் இருந்தேன். தடுக்கவில்லை. இதைப் பத்தொன்பது வருடமாக உன்னிடம் சொல்ல நினைத்தேன், தைரியம் வரவில்லை.

நாற்று பற்றிக் கேட்டாயே. பக்கத்து வீட்டுக்காரர் தக்காளி நாற்றோடு சேர்த்து வேலிக்கு மேலாகக் கொடுத்தார். அந்த ஒன்றை மட்டும் வாரன் விசாரிக்கவில்லை.

ஈஸ்டர் திங்களன்று வெட்டினேன். வாரன் பின்வாசலில் நாற்காலி போட்டு, மேலே இரண்டு போர்வை, மடியில் சமையலறைத் தராசு. பச்சையாக ஆளுக்கு நூற்றைம்பது கிராம்தான் வைத்துக்கொள்ளலாமாம். நான் வெட்டிக் கொடுக்கக் கொடுக்க நிறுத்தார். ஒரு செடியின் பாதியிலேயே நூற்றைம்பது வந்துவிட்டது.

"போதும். மிச்சத்த உரக்குழியில போடு" என்றார்.

"மிச்சத்த என் பேர்ல வெச்சுக்கலாமே, எனக்கும்தான் நூத்தம்பது உண்டே?"

"செடி என்னுது. உன்கிட்ட குடுத்தா அது சப்ளை."

"நாப்பத்தஞ்சு வருஷப் பொண்டாட்டிக்குக் குடுத்தா சப்ளையா?"

"சட்டத்துல பொண்டாட்டின்னு தனியா போடல."

போட்டேன், ராஸ். அவர் பார்க்கப் பார்க்க ஒன்றரைச் செடியை உரக்குழியில் போட்டு மேலே இலைச் சருகை அள்ளிக் கொட்டினேன்.

இன்னொன்றும் கேட்டேன். உன்னிடம் போன வருடத்துச் சரக்கு பக்குவமாக இருக்கும், கொண்டுவரச் சொல்லட்டுமா என்று. "மாநில எல்லையத் தாண்டி வந்தா அது கடத்தல். அதுக்காக நான் ஆளுங்கள உள்ள தள்ளியிருக்கேன். போற நேரத்துல என்னைக் கண்ண மூடிக்கச் சொல்றியா?" என்றார். தனக்குச் சட்டம் அனுமதித்தது இந்தச் செடி, தனக்கு வேண்டியதும் இதுதான் என்கிறார்.

துணி துவைக்கும் அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஜன்னலுக்குப் போர்வை. வீடு முழுக்க வாசனை. நர்ஸ் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சி, "வாரன், உங்க வீட்டுக்குத் திடீர்னு இருவது வயசாயிடுச்சே" என்றாள். அவர் சிரித்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் எடை இப்போது நாற்பத்தொன்பது கிலோ. அடுத்து என்ன செய்வது, சீக்கிரம் எழுது.

நோரீன்


நிம்பினுக்கு மேலே
16 ஏப்ரல்

நோரி,

ஒன்றரைச் செடி உரக்குழியிலா? படித்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றேன். பிணத்தைப் புதைத்த வீட்டுக்காரனைப் போல இருந்தது எனக்கு. ஆனாலும் தராசை மடியில் வைத்துக்கொண்டு சார்ஜென்ட் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. மாறவே இல்லை அவன்.

மீதி இதோ. இரண்டு வாரம் முடிந்ததும் ஒரு மெல்லிய காம்பை வளைத்துப் பார். வளைந்தால் இன்னும் ஈரம். படக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. பூக்களை உருவிக் கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவுக்குப் போடு, அழுத்தாதே. மூடி வை. உள்ளே இருக்கும் ஈரம் அப்போதுதான் மெல்ல வெளியே வரும். அதற்காகத் தினமும் காலையும் மாலையும் மூடியைத் திறந்து கால் மணி நேரம் மூச்சுவிட வை. முதலில் அறுத்த புல் மணம் வரும். அது போய்ப் பூவின் சொந்த மணம் வர வேண்டும். பூனை மூத்திர நாற்றம் வந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கப்போகிறது என்று அர்த்தம், உடனே கொட்டிப் பரப்பு.

இப்படி ஒரு மாதம் ஜாடியில் இருக்க வேண்டும். அதுவரை அவனுக்குக் கொடுக்காதே. பக்குவம் வராததை இழுத்தால் தொண்டையை அறுக்கும். இருமினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

ராஸ்


கான்பெரா
20 ஏப்ரல்

ராஸ்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. காம்பு நேற்றே ஒடிகிறது. பத்து நாள்கூட ஆகவில்லை. இங்கே மழையே இல்லை, விடிந்தால் புல்லில் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கிறது, வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது. உன் மலை ஈரத்துக்கு இரண்டு வாரம் என்றால் இந்த வறட்சிக்கு ஒரு வாரம் போதும்போல. தப்போ சரியோ, இன்று பூவை உருவி நாலு ஜாடியில் போட்டுவிட்டேன். நாற்பது கிராம் இருக்கும். மூடியைத் திறந்தால் இப்போதே புல் மணம் கொஞ்சம்தான், ஏதோ ஆரஞ்சுத் தோல் மாதிரி வருகிறது.

ஒரு மாதம் முடியாது, ராஸ். டாக்டர் இப்போது மாதக் கணக்கில் பேசுவதில்லை, வாரக் கணக்கில் பேசுகிறார். வாரன் நேற்று இரண்டு ஸ்பூன் பூசணிக்காய் சூப் குடித்தார். அதுவும் வந்துவிட்டது. வாந்தி எடுக்கும்போது இடுப்பு எலும்பு அசைகிறது. அவர் கத்துவதில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார். கத்தினால்கூடத் தேவலை.

இப்போதே கொடுக்கலாமா? ஒரு வாரம், பத்து நாள் கழித்தாவது? கடிதம் எழுதி நாளை வீணாக்காதே. கடை போனிலிருந்து கூப்பிடு. நம்பர் கீழே இருக்கிறது. கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நோரீன்


நிம்பினுக்கு மேலே
24 ஏப்ரல்

நோரி,

காம்பு ஒடிந்தால் வெளியே மட்டும் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பூவின் உள்ளே ஈரம் நிற்கும். ஏமாறாதே.

ஜாடியில் போட்ட அன்றிலிருந்து ஒரு மாதம். மே இருபது. அதற்கு முன் வேண்டாம். ஏற்கனவே ஒரு விலா போயிருக்கிறது. அவசரப்பட்டு இன்னொன்று போனால் அதற்கும் நான்தான் காரணம் என்பீர்கள்.

போனில் எனக்குப் பேச வராது. நல்லதே வந்ததில்லை போனில்.

ராஸ்


கான்பெரா
4 மே

ராஸ்,

நீ கூப்பிடுவாய் என்று வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. அதை வாரனுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு காலண்டரை எடுத்து வரச் சொல்லி மே இருபதைச் சுற்றிக் கோடு போட்டார். பேனா பிடிக்க முடியவில்லை, வட்டம் பத்தொன்பதிலும் பாதி விழுந்தது.

யார் வந்து கேட்டாலும் ஒரே பதில். "என் மச்சான் இருவதாம் தேதின்னு சொல்லியிருக்கான். இதுல அவன் பெரிய ஆளு." போன வாரம் பழைய ஸ்டேஷன்காரர்கள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். அவர்களிடமும் இதையே சொன்னார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன்னை அவர்களுக்குத் தெரியும். உன் வழக்கும் தெரியும்.

இருபதாம் தேதி என்ன சாப்பிடுவார் என்பதில்தான் இப்போது எங்கள் பேச்செல்லாம். முதலில் ஆட்டுக்கறி வறுவல் என்றார். பிறகு அது பேராசை என்று குறைத்துக்கொண்டார். வெஜிமைட் தடவிய ரொட்டி ஒரு துண்டு, சூடாக டீ. மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம், படுக்கையில் வேண்டாமாம்.

நாற்பத்துமூன்று கிலோ. குளிக்க வைக்கும்போது ஒரு கையால் தூக்கிவிடுகிறேன். ஆறடி இரண்டு அங்குல மனிதர், ராஸ். உனக்குத் தெரியுமே.

ஜாடியில் இப்போது புல் மணமே இல்லை. திறந்தால் அறை நிறைகிறது. எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் இது ஆகிவிட்டது என்று என் மூக்கு சொல்கிறது. நீ இல்லை என்கிறாய். கடைசித் தடவையாகக் கேட்கிறேன், இன்னும் பதினாறு நாள் காத்திருக்கத்தான் வேண்டுமா?

நோரீன்


நிம்பினுக்கு மேலே
9 மே

நோரி,

இதைப் படித்த நிமிடமே ஜாடியைத் திற. இருபதாம் தேதியெல்லாம் வேண்டாம். இப்போதே கொடு. விரல் நுனி அளவு போதும், கருவியின் சூட்டைக் குறைவாக வை, மெதுவாக ஒரு இழுப்பு, கால் மணி நேரம் கழித்து இன்னொன்று. இருமாது. பயப்படாதே.

எல்லாம் நேரில் சொல்கிறேன். ஜீப்புக்கு பிரேக் மாற்ற வேண்டியிருக்கிறது, சரியானதும் கிளம்புகிறேன். கையில் எதுவும் எடுத்து வரவில்லை என்று சார்ஜென்டிடம் சொல். வெறுங்கையோடுதான் வருகிறேன்.

கடைக்காரி இப்போதே தபால் பையைக் கட்டுகிறாள்.

ராஸ்


கான்பெரா
16 மே

ராஸ்,

வாரன் வெள்ளிக்கிழமை காலை போய்விட்டார். பன்னிரண்டாம் தேதி. உன் கடிதம் நேற்று, திங்களன்று வந்தது.

நாலு ஜாடியும் அப்படியே இருக்கின்றன. அவர் அதிலிருந்து ஒரு இழுப்பும் இழுக்கவில்லை. ரொட்டியும் சாப்பிடவில்லை. கடைசி ஐந்து நாள் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன், அதற்கும் குமட்டினார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் சொல். ஏப்ரல் இருபத்துநாலாம் தேதி "பொறு" என்று எழுதினாய். மே ஒன்பதாம் தேதி "இப்போதே கொடு" என்று எழுதினாய். இரண்டுக்கும் நடுவில் நான் எழுதிய கடிதத்தைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. ஜாடிக்குள் இருப்பதை நீ கண்ணால் பார்க்கவும் இல்லை. முதலில் எழுதியது உனக்கு நிஜமாகத் தோன்றியதா?

பதில் வரும்வரை இங்கே வராதே.

நோரீன்


நிம்பினுக்கு மேலே
21 மே

நோரி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இல்லை. நிஜம் இல்லை.

முதலில் ஒரு மாதம் என்று எழுதியது தொழில் முறை. நான் எனக்குச் செய்தாலும் ஒரு மாதம் வைப்பேன், இரண்டு மாதம்கூட வைப்பேன், ருசிக்காக. சாகக் கிடப்பவனுக்கு ருசி எதற்கு? ஜாடியில் பத்து நாள் இருந்தால் தொண்டையை அறுக்காது. காம்பு ஒடிகிறது என்று நீ எழுதினாயே, அந்த வரியை மூன்று தடவை படித்தேன். நானும் அந்த வறண்ட காற்றில் வளர்ந்தவன்தான். உள்ளேயும் காய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் முடிவதற்குள் கொடுத்திருக்கலாம்.

தெரிந்தேதான் "பொறு" என்று எழுதினேன்.

அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. நம்பினால் நம்பு. அவன் ஒரு மாதம் காத்துக்கிடக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஒரு மாதம் என்றால் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியட்டும் என்று. அம்மாவுக்காக நான் கேட்டதும் அதே ஒரு மாதம்தானே. முப்பது நாள். எழுதி உறையை ஒட்டியபோது நிம்மதியாக இருந்தது. இதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

மே மூன்றாம் தேதி மனது கேட்காமல் கடைக்குப் போய் நீ கொடுத்த நம்பரைச் சுற்றினேன். வாரன் எடுத்தான். "ஹலோ" என்றான். அது அவன் குரலே இல்லை, நோரி. காகிதம் கசங்குகிற மாதிரி இருந்தது. அவனிடம் "இப்பவே இழுத்துக்கோ" என்று சொல்ல வேண்டியதுதானே? வைத்துவிட்டேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. மச்சான் பெரிய ஆளு என்று யாரிடமோ சொன்னான் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

அன்றாவது போன் செய்திருக்கலாம். கடையில்தான் நின்றேன், போனுக்கும் தபால் பைக்கும் நடுவில். தபால் பையில் போட்டேன். திரும்பவும் அவன் எடுத்துவிடுவானோ என்ற பயம். அந்த ஒரு பயத்தில் ஆறு நாள் போயிற்று.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. நீ வரச் சொன்னால் வருகிறேன். வந்து நீ சொல்கிற இடத்தில் உட்காருகிறேன்.

ராஸ்


கான்பெரா
30 மே

ராஸ்,

நீ மறைக்காமல் எழுதினாய். நானும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மே முதல் தேதி நர்ஸ் ஒரு ஜாடியைத் திறந்து, ஒரு பூவை விரலில் உருட்டிப் பார்த்து, "இது ஆயிடுச்சே நோரீன், இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க?" என்றாள். அவள் போனதும் கருவியில் போட்டுச் சூடாக்கி வாரனிடம் எடுத்துப்போனேன். அன்று காலையிலிருந்து நாலு தடவை வாந்தி. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன.

கருவியைப் பார்த்தார். "ராஸ் என்ன தேதி சொன்னான்?"

"அதை விடுங்க. நர்ஸே சொல்லிட்டா, ஆயிடுச்சாம்."

"ராஸ் என்ன தேதி சொன்னான்?"

"இருவது."

"அப்போ இருவது."

நான் கத்தினேன். நாற்பத்தைந்து வருடத்தில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. முடியும்வரை கத்தவிட்டு, பிறகு சொன்னார்: "அவன் எதுக்கு ஒரு மாசம் சொல்றான்னு எனக்கும் தெரியும் நோரீன். அன்னிக்குக் கேட்டான், நான் குடுக்கல. இப்போ குடுத்துட்டுப் போறேன். நீ நடுவுல வராத."

போனில் மூச்சு மட்டும் கேட்டு வைத்தது நீதான் என்பதும் அவருக்குத் தெரியும். "யாருங்க?" என்று கேட்டேன். "உன் தம்பி. மழைச் சத்தம் கேட்டுச்சு" என்றார்.

ஆக, நீ நினைத்தது நடந்தது. அவருக்குத் தெரியாமல் நீ அவரைத் தண்டிக்கவில்லை. தெரிந்தே வாங்கிக்கொண்டார். இது உனக்கு ஆறுதலாக இருந்தால் வைத்துக்கொள். எனக்கு ஆறுதல் இல்லை. எனக்கு உங்கள் இரண்டு பேர் மேலும் ஆத்திரம்தான் வருகிறது.

நீ கேட்டாய், அவர் கொடுத்தார், உங்களுக்குள் எல்லாம் நேராகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு நாள் அவர் வாயைத் துடைத்தது யார்? இரும்புக் கட்டில் ஆடுகிற சத்தத்தைக் கேட்க முடியாமல் சமையலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றது யார்? என்னிடம் யார் கேட்டீர்கள்? அன்றைக்கும் அப்படித்தான். அம்மா விஷயத்தில் அவர் முடிவு செய்தார், நான் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்தீர்கள், நான் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவரைத் தூக்க எனக்கு ஒரு கை போதும் என்று எழுதினேனே. வாயில் வைத்து இழுக்க வைத்திருக்கலாம். நடுவில் வராதே என்றார், வராமல் இருந்துவிட்டேன். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

வராதே, ராஸ். எப்போதும் வராதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போதைக்கு வராதே.

இருபதாம் தேதி, தனியாக இருந்தேன். ஒரு ஜாடியைத் திறந்து, நீ சொன்ன மாதிரியே விரல் நுனி அளவு எடுத்துப் போட்டு இழுத்தேன். எழுபத்தொரு வயதில் முதல் தடவை. தொண்டையில் எதுவுமே தெரியவில்லை, அவ்வளவு இதமாக இறங்கியது. ஒரு இருமல்கூட இல்லை. கால் மணி நேரம் கழித்து எனக்குப் பசித்தது. பயங்கரமாகப் பசித்தது. மேஜைக்குப் போகவில்லை, சமையலறையில் நின்றபடியே ரொட்டி நாலு துண்டு அழுதுகொண்டே தின்றேன். அதற்கு மேலும் பசித்தது.

நோரீன்